வாய்ப்புற்றும் ஸ்டேஜ் கணக்கும்: வாசகர் கேள்விகள்

வாய், தொண்டை, குரல்வளைப் புற்றுநோய் பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். பெயர்களை விட்டுவிட்டேன், ஊர் மட்டும் இருக்கும்.

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. முப்பது வருஷமாக வெற்றிலையோடு புகையிலை போடுவார். இடது கன்னத்தின் உள்ளே ஒரு புண், நாலு மாதமாக ஆறவே இல்லை. மணத்தக்காளிக் கீரை, வைட்டமின் மாத்திரை, தடவுகிற ஜெல் எல்லாம் பார்த்துவிட்டோம். இப்போது சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் என்று வந்திருக்கிறது. ஸ்கேன் பார்த்த டாக்டர் சீட்டில் "டி2 என்2பி எம்0, ஸ்டேஜ் 4ஏ" என்று எழுதியிருக்கிறார். நாலு என்று காதில் விழுந்ததிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. ஆபரேஷன் செய்து பிரயோஜனம் உண்டா, இல்லை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாமா? (திண்டுக்கல்)

பதில்: முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள், அடுத்த சில மாதங்களுக்கு அப்பாவைப் பார்த்துக்கொள்ளத் தெம்பு வேண்டும். வீட்டிலேயே வைத்துப் பார்க்கிற பேச்சை இப்போதைக்கு எடுக்க வேண்டாம்.

நாலாம் ஸ்டேஜ் என்றதும் வருகிற இந்தப் பயம் பெரும்பாலும் மார்பகப் புற்று, நுரையீரல் புற்று பார்த்த வீடுகளிலிருந்து வருவது. அங்கே நாலு என்றால் நோய் எலும்பு, ஈரல், மூளை என்று தூரத்தில் எங்கோ போய் உட்கார்ந்துவிட்டது என்று பொருள். வாய்ப்புற்றில் நாலுக்குள்ளேயே ஏ, பி, சி என்று மூன்று பிரிவு இருக்கிறது, அதில் 4சி மட்டும்தான் அப்படித் தூரம் போனது. அப்பாவின் சீட்டில் எம்0 என்று இருக்கிறதே, அதுதான் நீங்கள் முதலில் பார்க்க வேண்டிய எழுத்து. வேறு உறுப்புக்குப் பரவியதாகத் தெரியவில்லை என்று அர்த்தம். டி2 என்பது கன்னத்தில் இருக்கும் கட்டி, அது நடுத்தர அளவுதான். அவரை நாலுக்குத் தள்ளியது என்2பி, அதாவது அதே பக்கம் கழுத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட நெறிகட்டிகளுக்கு நோய் வந்திருக்கிறது. ஒரே ஒரு சின்னக் கட்டியோடு, 3 சென்டிமீட்டருக்குள், நின்றிருந்தால் மூன்றாம் ஸ்டேஜ் என்று எழுதியிருப்பார்கள்.

4ஏ-வில் குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் சிகிச்சை செய்கிறோம். கன்னத்தில் இருப்பதையும் கழுத்துக் கட்டிகளையும் ஒரே ஆபரேஷனில் எடுத்துவிட்டு, பிறகு கதிர்வீச்சு. எடுத்த சதையின் ஓரத்தில் நோய் மிச்சமிருந்தாலோ, நெறிகட்டியின் தோலை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தாலோ கதிர்வீச்சோடு மருந்தும் சேர்ப்பார்கள். சுலபம் என்று பொய் சொல்ல மாட்டேன். முதல் ஸ்டேஜில் வந்திருந்தால் சின்ன ஆபரேஷனோடு முடிந்திருக்கக்கூடியது இப்போது பெரிய வேலையாகிவிட்டது, திரும்ப வரும் வாய்ப்பும் கூடுதல். ஆனாலும் இதே ஸ்டேஜில் வந்து, சிகிச்சை முடித்து, வருஷக்கணக்கில் செக்-அப்புக்கு மட்டும் வந்து போகிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு டாக்டரிடம் கேட்க வேண்டும் என்றால் தாராளமாகக் கேளுங்கள், ஆனால் இந்த வாரத்துக்குள். கதிர்வீச்சுக்கு முன்னால் பல் டாக்டரைப் பார்த்துச் சொத்தைப் பற்களைச் சரி செய்துவிடுங்கள், பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் படுத்தும். ஆபரேஷன் ஆனால் ஆறு வாரத்துக்குள் கதிர்வீச்சு ஆரம்பிப்பது நல்லது, "கொஞ்சம் உடம்பு தேறட்டும்" என்று ஊருக்குப் போய் மூன்று மாதம் கழித்து வருகிறவர்களைப் பார்த்து அலுத்துவிட்டது எனக்கு. செலவுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சை உண்டு, அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் அந்தப் புகையிலை. "வந்தது வந்துவிட்டது, இனிமேல் விட்டு என்ன" என்று அப்பா சொல்வார். கதிர்வீச்சு சரியாக வேலை செய்யவும், பக்கத்திலேயே இன்னொரு புற்று முளைக்காமல் இருக்கவும் இன்றைக்கே விட வேண்டும்.

கேள்வி: என் அக்காவுக்கு நாக்கின் ஓரத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் புண்தான். 2 சென்டிமீட்டருக்குள் என்றால் டி1 என்று படித்தேன். ரிப்போர்ட்டில் டி2 என்று இருக்கிறது. கழுத்தில் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு, கழுத்தையும் சேர்த்து ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார்கள். பணத்துக்காகவா? (ஈரோடு)

பதில்: இல்லை. நீங்கள் படித்தது பழைய கணக்கு. 2018-லிருந்து புழக்கத்தில் உள்ள முறையில் புண்ணின் அகலத்தோடு அது எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். 5 மில்லிமீட்டர், அதாவது ஒரு துவரம்பருப்பின் அகலம், அதைத் தாண்டி உள்ளே போயிருந்தால் மேலே எவ்வளவு சின்னதாகத் தெரிந்தாலும் அது டி2. 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் டி3. நாக்கு முழுக்கத் தசை, ஓயாமல் அசைகிற உறுப்பு, ஆழம் கூடக் கூடக் கழுத்துக்கு வழி கிடைத்துவிடுகிறது.

கழுத்து விஷயத்துக்கு வருகிறேன். கையால் தடவியோ ஸ்கேனிலோ தெரியாத நோய் நெறிகட்டிக்குள் இருக்கலாம். ஆரம்ப நிலை வாய்ப்புற்றில் முதலிலேயே கழுத்து நெறிகட்டிகளையும் எடுப்பதா, கட்டி தெரிந்த பிறகு எடுப்பதா என்று மும்பை டாடா மருத்துவமனையில் சுமார் 500 பேரை வைத்து ஆராய்ந்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று வருஷ முடிவில் முதலிலேயே எடுத்தவர்களில் 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம். உங்கள் டாக்டர் சொன்னது சரி. இன்னொன்று, ஆபரேஷனுக்கு முன் எழுதுகிற ஸ்டேஜ் ஒரு மதிப்பீடுதான். எடுத்த சதையை மைக்ராஸ்கோப்பில் பார்த்த பிறகு மாறலாம். மாறினால் யாரோ தப்பு செய்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

கேள்வி: சதை எடுத்தால், கத்தி பட்டால், நோய் பரவும் என்கிறார்களே? (விருத்தாசலம்)

பதில்: வாயில் சதை எடுப்பதால் நோய் பரவுவதில்லை. அந்தப் பயத்தில் தள்ளிப்போடுகிற மாதங்களில்தான் பரவுகிறது.

கேள்வி: நான் அமெரிக்காவில் இருக்கிறேன். சிகரெட்டே தொடாத என் மச்சானுக்கு டான்சிலில் புற்று, கழுத்தில் 4 சென்டிமீட்டர் கட்டி. இங்கே ஸ்டேஜ் 1 என்கிறார்கள். ஊரில் தெரிந்த ஒரு டாக்டர் கழுத்தில் அவ்வளவு பெரிய கட்டி என்றால் நாலு என்கிறார். யாரை நம்புவது? (நியூ ஜெர்சி)

பதில்: அங்கே சொன்னதை. மச்சானுக்கு வந்திருப்பது ஹெச்.பி.வி. வைரஸால் வருகிற வகையாக இருக்க வேண்டும், ரிப்போர்ட்டில் பி16 பாசிட்டிவ் என்று இருக்கும், பாருங்கள். கழுத்தில் கட்டி வந்த பிறகும் சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படுகிற வகை அது. அதனால் அதற்குத் தனி ஸ்டேஜ் கணக்கே போட்டுவிட்டார்கள். டான்சிலில் இருப்பது 4 சென்டிமீட்டருக்குள் இருந்து, அதே பக்கத்துக் கழுத்துக் கட்டியும் 6 சென்டிமீட்டருக்குள் இருந்தால் ஸ்டேஜ் 1. பழைய கணக்கில் அதே ஆள் நாலு. ஊர் டாக்டர் பழைய புத்தகத்தை வைத்துச் சொல்லியிருப்பார். நம் ஊரில் பார்க்கிற வாய்ப்புற்றில் பெரும்பகுதி புகையிலையும் பாக்கும் தருவது, அதற்கு இந்தச் சலுகை கிடையாது.

கேள்வி: மாமாவுக்குக் குரல் கம்மி, போய்ப் பார்த்தால் குரல்வளையில் முதல் ஸ்டேஜ். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொண்டையின் அடியில், அவருக்குக் கண்டுபிடிக்கும்போதே நாலு. ஏன் இப்படி? (தஞ்சாவூர்)

பதில்: இடம்தான் காரணம். குரல் நாணில் ஒரு மிளகு அளவு வந்தாலே குரல் கெட்டுவிடும், ஆளே பயந்து போய்க் காட்டுவார். அந்த இடத்தில் நிணநீர்க் குழாய்களும் குறைவு, சீக்கிரம் கழுத்துக்குப் போகாது. அதற்குக் கீழே உணவுக்குழாய் ஆரம்பிக்கிற பள்ளத்தில் வந்தால் ரொம்ப நாள் ஒன்றும் தெரியாது. சோறு லேசாக இடறும், ஒரு பக்கக் காது வலிக்கும், காதில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருப்பார்கள். கடைசியில் கழுத்தில் கட்டி தெரிந்துதான் வருவார்கள். காதைப் பார்த்தால் சுத்தமாக இருக்கிறது, வலி மட்டும் ஒரே பக்கம் வாரக்கணக்கில் விடவில்லை என்றால் தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வீட்டிலேயே முன்கூட்டித் தெரிந்துகொள்ள வழி உண்டா? புகையிலை போடாமல் வெறும் பாக்கு மட்டும் போட்டால் பரவாயில்லையா? (தூத்துக்குடி)

பதில்: பாக்கு தனியாகவே புற்றுநோய் தரும், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004-லேயே அதைச் சொல்லிவிட்டது. பாக்கு போடுகிறவர்களுக்கு முதலில் வாய் திறப்பது குறையும், மிளகாய் பட்டால் எரியும். உங்கள் மூன்று விரலை நெட்டாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே விட்டுப் பாருங்கள், நுழையவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள்.

மாதம் ஒருமுறை டார்ச்சும் ஸ்பூனும் எடுத்துக்கொண்டு கண்ணாடி முன் நில்லுங்கள். கன்னத்தை ஒதுக்கி, நாக்கைத் தூக்கி, இரண்டு ஓரமும் கடைசிப் பல் வரை பாருங்கள். வெள்ளைப் படலம், அதைவிட மோசம் சிவப்புப் படலம், தொட்டால் ரத்தம் வருகிற புண், மூன்று வாரமாக ஆறாத எதுவும். வலி இல்லையே என்று விடாதீர்கள், ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. ஒரு பாட்டி, களையெடுக்கப் போகிறவர், பல் ஆடுகிறது என்று பிடுங்கிக்கொண்டார். குழி இரண்டு மாதம் ஆறவில்லை, "வயசாச்சு, மெல்ல ஆறும்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் வந்தபோது ஈறு முழுக்கப் பூத்துக் கிடந்தது. பல்லை ஆட வைத்ததே அந்த நோய்தான்.

இதெல்லாம் வெறும் கண்ணால் பார்ப்பதுதானே என்று நினைக்காதீர்கள். திருவனந்தபுரம் பக்கத்துப் பஞ்சாயத்துகளில் 1996-ல் ஆரம்பித்து, பயிற்சி கொடுத்த சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005-ல் வெளியிட்டார்கள். அதற்கு ஸ்கேன் எதுவும் தேவைப்படவில்லை. வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.