சுவரில் ஒரு பென்சில் கோடு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 2021 நவம்பரில் விடியற்காலை வீடு ஆடியதிலிருந்து என் மாமியாருக்குத் தெருவில் லாரி போனாலே தூக்கிவாரிப் போடுகிறது. இப்படிச் சின்னச் சின்னதாக வருவது, பெரிசு ஒன்று வரப்போவதற்கு அறிகுறியா? (வாசகி, பேரணாம்பட்டு)

பதில்: அவர் பயந்ததில் தப்பே இல்லை என்று முதலில் அவரிடம் சொல்லுங்கள் அம்மா. அன்று நவம்பர் 29, மணி 4.17, தேசிய நில அதிர்வு மையத்தின் கணக்கில் அதிர்வின் அளவு 3.6. குடியாத்தத்தில் எங்கள் வீட்டில் ஆட்டத்துக்கு முன்னால் சத்தம்தான் வந்தது, தரைக்கு அடியில் யாரோ பெரிய ட்ரம்மை உருட்டிக்கொண்டு போவது மாதிரி. அப்புறம் சமையலறை அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடு ஒன்று மோதிக் கிணுகிணுவென்றன. அதோடு சரி. நான் செருப்பைத் தேடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. டிசம்பர் 23ஆம் தேதி பிற்பகலில் ஒன்று, 25ஆம் தேதி காலையில் ஒன்று, இரண்டும் 3.5. கிறிஸ்துமஸ் அன்று தெருவே வாசலில் நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

நம் பக்கம் பூமிக்கு அடியில் இருப்பது மிகப் பழைய, கெட்டியான பாறை. கெட்டிப் பாறையில் அதிர்வு மங்காமல் தூரம் போகும், சத்தமும் கேட்கும், அதனால் சின்னது கூடப் பெரிசாகத் தெரியும். இந்தியத் தட்டு வருஷத்துக்குச் சுமார் 5 செ.மீ. வடக்கே நகர்ந்து இமயமலையை நெருக்கிக்கொண்டே இருக்கிறது. அந்த நெருக்கடியில் கொஞ்சம் நம் பாறையின் பழைய விரிசல்களிலும் வந்து தேங்கும், எப்போதாவது ஓர் இடத்தில் வழுக்கிவிடும். உலகம் முழுக்க 3க்கு மேல் உள்ள அதிர்வுகள் வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் வருகின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் எதுவும் வருவதில்லை. ஒரு சின்ன அதிர்வு பெரிசுக்கு முன்னோடியா என்பது பெரிசு வந்த பிறகுதான் தெரியும், முன்கூட்டியே சொல்லும் வித்தை எந்த நாட்டிலும் கிடையாது. அதனால் நாள் குறித்து வாட்ஸ்அப்பில் வருகிற எதையும் மாமியாரிடம் படித்துக் காட்டாதீர்கள்.

தமிழ்நாட்டுக்குப் பெரிசே வராது என்று நான் சொல்ல மாட்டேன். 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பக்கம் 6 அளவில் வந்திருக்கிறது. 2001 செப்டம்பர் 25ஆம் தேதி புதுச்சேரிக்குக் கிழக்கே கடலில் 5.5, சென்னையில் ஜனங்கள் ராத்திரி தெருவில் நின்றார்கள். ஆனால் எனக்கு பூமியை விடச் சுவரைப் பற்றித்தான் கவலை. 1993 செப்டம்பர் 30 விடியற்காலை மகாராஷ்டிரத்தில் கில்லாரியில் வந்தது 6.2தான், செத்தவர்கள் பத்தாயிரம் பேருக்குப் பக்கம், காரணம் மண் சாந்தில் அடுக்கிய கனமான கல் சுவர்கள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் விழுந்தது. உங்கள் ஊரிலேயே அந்த முதல் அதிர்வுக்குப் பத்து நாள் முன்னால், நவம்பர் 19 அன்று, மழையில் ஊறிய சுவர் வீட்டின் மேல் விழுந்து குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் போனார்கள். அன்று நிலம் அசையவே இல்லை. ஆகவே இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள்: மாமியார் படுக்கிற இடத்துக்கு மேலே பரணில் பித்தளை அண்டா, அம்மிக்கல், பழைய பெட்டி என்று எது இருந்தாலும் கீழே இறக்கிவிடுங்கள். கட்டிலை வெளிச்சுவரை விட்டுத் தள்ளிப் போடுங்கள். தலைமாட்டில் டார்ச், பக்கத்தில் செருப்பு. அதுக்கப்புறம் அவருக்குத் தூக்கம் வரும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: சின்னதாக அடிக்கடி வந்தால் அழுத்தம் வெளியேறிவிடும், பெரிசு வராது என்று டீக்கடையில் அடித்துச் சொல்கிறார்கள். சரியா? (வாசகர், ஆம்பூர்)

பதில்: கேட்க ஆறுதலாக இருக்கிறது, கணக்குதான் ஒத்துவரவில்லை. அளவில் ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும். 3.5க்கும் 6.5க்கும் நடுவே மூன்று படி, அதாவது 32ஐ மூன்று தடவை பெருக்க வேண்டும். ஒரே ஒரு 6.5க்கு ஈடுகட்ட நமக்கு வந்த மாதிரி முப்பதாயிரத்துக்கும் மேல் வந்தாக வேண்டும். டீக்கடையில் ஒரு துண்டுச் சீட்டில் போட்டுக் காட்டுங்கள், புரிந்துகொள்வார்கள்.

கேள்வி: அந்த வருஷம் பாலாற்றில் வெள்ளம், உடனே அதிர்வு. மழைக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா? (வாசகர், மேல்பட்டி)

பதில்: சம்பந்தம் இருக்க வழி உண்டு. பாறை விரிசலில் தண்ணீர் இறங்கினால் உள்ளே அழுத்தம் ஏறும், இரண்டு பக்கத்தையும் பிடித்து வைத்திருக்கும் உராய்வு குறையும், ஏற்கெனவே வழுக்கத் தயாராக இருந்த இடம் வழுக்கும். அணைத் தண்ணீரால் அப்படி நடந்ததற்கு உலகமே சொல்லும் உதாரணம் நம் நாட்டில் மகாராஷ்டிரத்தின் கொய்னா அணைப் பக்கம் 1967 டிசம்பரில் வந்த அதிர்வு. கன மழைக்குப் பின்னால் சின்ன அதிர்வுகள் கொத்தாக வருவதும் தீபகற்பத்தில் பல இடங்களில் பதிவானதுதான்.

கேள்வி: அதிர்வுக்கு அப்புறம் ஜன்னல் மூலையில் விரிசல் தெரிகிறது. முன்னாலேயே இருந்ததா, புதுசா என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறோம். (வாசகி, குடியாத்தம்)

பதில்: எங்கள் வீட்டிலும் இதே பஞ்சாயத்து நடந்தது, அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். ஒரு பென்சில் எடுத்து, விரிசல் முடிகிற நுனியில் குறுக்கே சின்னக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். இரண்டு நுனியிலும் போடுங்கள். விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரண்டு முனையிலும் சிமென்ட் வைத்து ஒட்டுங்கள், சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். எங்கள் சுவரில் 2021 டிசம்பர் 26 என்று எழுதிய கோட்டைத் தாண்டி விரிசல் இன்று வரை ஒரு நூல் கூடப் போகவில்லை, வெள்ளை அடிக்கும்போது அந்த இடத்தை மட்டும் விடச் சொல்லிவிட்டேன். கூரை ஒட்டினாற்போல் நேர்க்கோடாக ஓடும் விரிசல் பெரும்பாலும் நம் ஊர் வெயில் செய்த வேலை, தளம் சூட்டில் விரிந்து சுவரைத் தள்ளுகிறது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்குவதைத்தான் கவனிக்க வேண்டும். உள்ளேயும் வெளியேயும் ஒரே இடத்தில் தெரிந்தால், அல்லது நாணயம் நுழைகிற அகலம் இருந்தால், பூசி மறைக்காமல் பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். புதுசாகக் கட்டுகிறவர்கள் லிண்டல் காங்கிரீட்டை ஜன்னலுக்கு மேல் மட்டும் போட்டு நிறுத்தாமல் வீட்டைச் சுற்றி ஒரே பெல்ட்டாக ஓட விடுங்கள். மொத்தச் செலவில் அது கொஞ்சம்தான், நான்கு சுவரையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார். டேங்க் வழிந்து எங்கள் சுவரெல்லாம் பாசி. பேசினால் சண்டை வருமோ என்று மூன்று வருஷமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறேன். (வாசகர், சத்துவாச்சாரி)

பதில்: மூன்று வருஷம் ரொம்ப அதிகம் ஐயா. இதுமாதிரி தினசரி எரிச்சலில் ஒரு தொல்லை உண்டு: நாம் வாய்விட்டுச் சொல்லாததால் அவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, நமக்கோ நாளுக்கு நாள் ஏறி, ஒருநாள் வேறு எதற்கோ அவர் மேல் பாய்வோம். மேட்டூரிலிருந்து காவிரியைக் குழாயில் கொண்டுவந்து குடிக்கிற ஊர் இது, ஓவர்ஃப்ளோவில் போகிற தண்ணீரைப் பார்த்தால் எனக்கும் வயிறு எரிகிறது. தண்ணீர் வழியும்போது போகாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போங்கள். “அண்ணே, சுவர் ஊறுது, ஒரு ஆட்டோமேட்டிக் சுவிட்ச் மாட்டிடலாமா, எலக்ட்ரீஷியனை நானே கூட்டிட்டு வரேன்” என்று கேளுங்கள். டேங்க் நிரம்பியதும் மோட்டாரைத் தானே நிறுத்தும் சாதனம் எலெக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கிறது. எங்கள் தெருவில் இப்படித்தான் ஒரு சண்டை தீர்ந்தது.

கேள்வி: ரயிலில் பக்கத்து சீட்டில் போனை ஸ்பீக்கரில் அலற விடுகிறார்கள். என்ன செய்வது? (வாசகி, காட்பாடி)

பதில்: “கொஞ்சம் சத்தம் குறைச்சிக்கறீங்களா தம்பி” என்று சிரித்த முகமாகக் கேளுங்கள். பெரும்பாலோர் குறைத்துவிடுகிறார்கள், நாம்தான் கேட்பதில்லை.

கேள்வி: எனக்கு வயது 54. ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசை. சைக்கிள் கூட ஓட்டியதில்லை. பிள்ளைகள் சிரிக்கிறார்கள். (வாசகி, ராணிப்பேட்டை)

பதில்: என் மனைவி 49 வயதில் கற்றுக்கொண்டார், அவரும் சைக்கிள் தொட்டதில்லை. எடுத்த எடுப்பில் ஆக்சிலேட்டரைத் திருகியதால்தான் முதல் நாளே விழுந்தார். அப்புறம் வழியை மாற்றினோம். இன்ஜினை நிறுத்திவிட்டு, கொஞ்சம் சரிவான மைதானத்தில், இரண்டு காலும் தரையில் படும்படி உட்கார்ந்து காலால் தள்ளித் தள்ளிப் போகச் சொன்னேன். ஒரு வாரம் அது மட்டும்தான். காலைத் தூக்கி நாலு அடி, பத்து அடி வண்டி தானாகப் போகும்போது உடம்பு பேலன்ஸைப் பிடித்துக்கொள்கிறது. அடுத்தது பிரேக். ஆக்சிலேட்டர் கடைசியில்தான். முன்சக்கரத்தைக் குனிந்து பார்க்காதீர்கள், பார்வை தூரத்தில் இருக்கட்டும், வண்டி பார்வை போகிற பக்கம் போகும்.

ஞாயிறு ஞாயிறு இரண்டு மணி நேரம் என்று வைக்காமல் தினமும் இருபது நிமிஷம் வையுங்கள். ஜெர்மனியில் எபிங்ஹாஸ் என்பவர் 1885லேயே தன்னையே சோதனைக்கு உட்படுத்தி, ஒரே மூச்சில் படித்ததை விட இடைவெளி விட்டுப் படித்தது நன்றாக நிற்கிறது என்று எழுதினார். அவர் மனப்பாடம் செய்தது அர்த்தமில்லாத அசைகளை, ஆனால் கை கால் பழக்கத்துக்கும் இது பொருந்துகிறது. நடுவில் வரும் தூக்கத்திலும் மூளை அந்தப் பயிற்சியைப் பதித்துக்கொள்கிறது, நேற்று வராதது இன்று காலை தானாக வருவதைப் பார்ப்பீர்கள். எல்எல்ஆர் போட்டு முப்பது நாள் கழித்துத்தான் லைசென்ஸுக்குப் போக முடியும், அந்த ஒரு மாசத்தை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். பிள்ளைகள் சிரிக்கட்டும், வண்டியை மைதானத்துக்குத் தள்ளிக்கொண்டு வருவது மட்டும் அவர்கள் வேலை என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: காலேஜ் முடித்துவிட்டேன். தாத்தாவின் குழித்தறி வீட்டில் சும்மா கிடக்கிறது. யூடியூப் பார்த்து கைலி நெய்யக் கற்றுக்கொள்ள முடியுமா? (வாசகர், குடியாத்தம்)

பதில்: தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். வீடியோவில் மிதியை எப்போது மாற்றுவது, குறுக்கு நூலைக் கொண்டு போகும் நாடா எப்படிப் போய் வருகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், அதைப் பிணைப்பது வீடியோவில் வராது. பழைய பாவின் இழை நுனியையும் புதுப் பாவின் இழை நுனியையும் விரலில் சாம்பல் தொட்டுச் சேர்த்து ஒரு முறுக்கு, ஒரு மடிப்பு, அவ்வளவுதான், முடிச்சே தெரியாது. ஒரு பெரியவர் பேசிக்கொண்டே ஆயிரக்கணக்கான இழைகளை அப்படிச் சேர்ப்பதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நான் செய்தபோது ஒவ்வொன்றும் இழுத்ததும் கழன்று வந்தது. அவர் என் விரலைப் பிடித்து, “அழுத்தாத, உருட்டு” என்றார். அதற்கப்புறம் மூன்றில் ஒன்று நின்றது. எவ்வளவு அழுத்தம் என்பதைத் தெரிந்தவர் கைதான் நம் கைக்குச் சொல்ல முடியும். தாத்தா இருந்தால் அவரிடம், இல்லையென்றால் தெருவில் இன்னும் தறி ஓட்டுகிற ஒருவரிடம் போய், ஒரு மாசம் அவர் பக்கத்தில் உட்காரக் கேளுங்கள். முதலில் அறுந்த இழை முடிவது, தார் சுற்றுவது, அதாவது நாடாவுக்குள் வைக்கும் நூலைச் சுற்றுவது என்று கொடுப்பார்கள், அதைச் சலிக்காமல் செய்யுங்கள். குழிக்குள் கால் விட்டு உட்கார்ந்த முதல் நாள் எங்கே வலித்தது, எத்தனை இழை அறுந்தது என்று எனக்கு மறக்காமல் எழுதுங்கள்.