மெழுகின் மேல் மெழுகு: எத்தனை பூச்சு போதும்?

கேள்வி: சென்ற மாதம் கருநீல நிறத்தில் புதிய கார் வாங்கினோம். ஞாயிறுதோறும் ஒரு பூச்சு வீதம் நான்கு முறை கர்னோபா வாக்ஸ் பூசினால் பெயின்டின் மேல் கனமான படலம் உருவாகும் என்று நண்பர் சொல்கிறார். வண்டி பகல் முழுவதும் மில் வாசலில் வெயிலில் நிற்கும். கழுவுவதற்குப் போர்வெல் தண்ணீர்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?
- வாசகர், அவிநாசி

பதில்: நண்பரின் அக்கறை நல்லது. ஆனால் சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பைப் போல மெழுகு பூசப் பூசத் தடிப்பதில்லை. டப்பாவில் மெழுகை இளக்கமாக வைத்திருக்கும் கரைப்பான், புதிய பூச்சைத் தேய்க்கும்போது அடியில் இருக்கும் பழைய பூச்சையும் இளக்கிவிடுகிறது. துணியால் துடைக்கும்போது மிகுதியானது எல்லாம் துணியோடு வந்துவிடுகிறது. எஞ்சுவது பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவான படலமே. அதன் அடியில், நிறத்தைக் காக்க அடிக்கப்பட்டிருக்கும் நிறமற்ற மேல்பூச்சான கிளியர் கோட் ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான் வரை இருக்கும் என்பதோடு ஒப்பிட்டால் மெழுகு எவ்வளவு மெல்லியது என்பது விளங்கும்.

அப்படியானால் இரண்டாவது பூச்சு வீணா என்றால், இல்லை. கைப்பிடியின் அடிப்பகுதி, கூரையின் நடுப்பகுதி என முதல் முறை கை தவறிய இடங்களை அது நிரப்பிவிடும். முதல் பூச்சு இறுகுவதற்குக் குறைந்தது 12 மணி நேரமாவது விட வேண்டும். நான் ஒரு முழு நாள் விடச் சொல்வேன். அதற்கு மேல் மூன்றாவது, நான்காவது பூச்சுகளால் கிடைப்பது மிகச் சொற்பம். அதோடு, தூசி படிந்த வண்டியை வாரந்தோறும் தேய்த்தால், கருநீலத்தில் சிலந்தி வலை போன்ற நுண்கீறல்கள் வெயிலில் பளிச்சென்று தெரியத் தொடங்கும். அடுக்காகத்தான் போட வேண்டும் என்றால், சுத்தமான பெயின்டின் மேல் முதலில் செயற்கை சீலன்ட்டை (மெழுகுக்குப் பதிலாகச் செயற்கை பாலிமரால் ஆன பாதுகாப்புப் பூச்சு) பூசி, அது இறுகிய பின் கர்னோபாவைப் பூசுங்கள். இந்த வரிசையை மாற்றக் கூடாது. மெழுகின் மேல் சீலன்ட் ஒழுங்காகப் பிடிக்காது.

கர்னோபா என்பது வடகிழக்கு பிரேசிலில் வளரும் ஒரு பனை வகை, வறண்ட கோடையில் தன் ஈரத்தைக் காத்துக்கொள்ள ஓலையின் மேல் சுரக்கும் மெழுகு. அதன் உருகுநிலை சுமார் 82 முதல் 86 டிகிரி என்பதால் நம் சித்திரை வெயிலில் அது உருகி வழிந்துவிடாது என்றாலும், வெப்பமும் புற ஊதாக் கதிரும் மழையும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். வெயிலில் நிற்கும் உங்கள் வண்டிக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பது முறை. பங்குனியிலும், ஐப்பசி மழைக்கு முன்பும் அதைத் தவறவிடாதீர்கள். கழுவும்போது நீர் முத்து முத்தாகத் திரளாமல் தகடாகப் பரவி நின்றால், மெழுகு தீர்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

பூசுவதற்கு விடியற்காலையே உகந்தது. நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது மிக மெல்லியதாகப் பூசி, சற்றுப் பொறுத்து ஓரிடத்தில் விரலால் இழுத்துப் பாருங்கள். விரல் போன தடம் சுத்தமாகத் தெரிந்தால் மைக்ரோஃபைபர் துணியால் துடைக்கலாம். இழுவினால் இன்னும் காத்திருங்கள்.

உங்கள் வண்டிக்கு உண்மையான சோதனை தண்ணீர்தான். போர்வெல் நீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும், நீர் தானாக உலரும்போது வெள்ளைப் புள்ளிகளாகப் படிந்துவிடும். எனவே நிழலில் கழுவி, ஈரம் காய்வதற்குள் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். பாத்திரம் கழுவும் திரவத்தைத் தொடவே வேண்டாம், அது எண்ணெய்ப் பிசுக்கோடு மெழுகையும் கரைத்துக்கொண்டு போய்விடும். கார் ஷாம்பூ மட்டும் பயன்படுத்துங்கள். நுரைக்கு ஒரு வாளி, துணியை அலச இன்னொரு வாளி என இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். பறவை எச்சம் பட்டால் ஞாயிறு வரை காத்திராமல் அன்றே நனைத்து ஊறவிட்டு எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஃபவுண்டரிக்கு அருகில் நிறுத்தும் என் வெள்ளைக் காரில் பழுப்புப் புள்ளிகள் தோன்றுகின்றன. வாக்ஸ் போட்டும் போகவில்லை.
- வாசகர், கணபதி, கோயம்புத்தூர்

பதில்: அவை பெரும்பாலும் காற்றில் வந்து பெயின்டில் பதிந்து துருப்பிடித்த இரும்புத் துகள்கள். அவற்றின் மேல் மெழுகு பூசுவது அழுக்கை உள்ளே வைத்து மூடுவதாகும். கழுவிய தகட்டின் மேல் பாலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு தடவிப் பாருங்கள், சொரசொரப்பு நன்றாகத் தெரியும். இரும்புத் துகளைக் கரைக்கும் திரவத்தைத் தெளித்தால் அது ஊதா நிறமாக மாறும். அது உலர்வதற்குள் கழுவிவிட்டு, மீதமுள்ளதை நன்கு வழுவழுப்பாக நனைத்துக் கிளே பாரால் (பதிந்த அழுக்கைப் பற்றி எடுக்கும் களிமண் போன்ற கட்டி) எடுக்கலாம். இவற்றில் பழைய மெழுகும் போய்விடும் என்பதால் அதன் பிறகு புதிதாகப் பூச வேண்டும்.

கேள்வி: டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்த கதவுக்கு உடனே வாக்ஸ் போடலாமா?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: வேண்டாம். தொழிற்சாலையில் பெயின்டை அதிக வெப்பத்தில் சுட்டு இறுக்கிவிடுகிறார்கள். ஒர்க் ஷாப்பில் அடித்த பெயின்டிலிருந்து கரைப்பான் வெளியேறப் பல நாட்கள் ஆகும். பெயின்ட் தயாரிப்பாளரின் குறிப்பைக் கேட்டு, 30 முதல் 90 நாட்கள் வரை அந்தக் கதவை மட்டும் விட்டுவிட்டு மற்றப் பகுதிகளுக்குப் பூசுங்கள்.