தொப்பி விளிம்பை வளைப்பது எப்படி? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் உட்பகுதியில் ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு தொப்பிக் கடையில் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறேன். போன வாரம் ஒரு தம்பி விளிம்பு வளைப்பதைப் பற்றிக் கேட்டார், அதற்குள் கேள்விகள் சேர்ந்துவிட்டன. தலையில் உட்காரும் கூட்டைக் கிரவுன் என்கிறேன். அதைச் சுற்றியிருக்கும் வட்டம் விளிம்பு. உள்ளே நெற்றியைத் தொடும் தோல் பட்டையை உள்பட்டை என்கிறேன்.

கே: அக்கா, முதல் தடவையா அகூப்ரா வாங்கியிருக்கேன், அதான் ஆஸ்திரேலிய முயல் ரோமத் தொப்பி. விளிம்பு கிட்டத்தட்ட தட்டு மாதிரி இருக்கு. முன்னாடி கொஞ்சம் இறங்கி, ரெண்டு பக்கமும் தூக்கி நிக்கணும். வீட்லயே செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம் தம்பி. கெட்டிலும் கையும் போதும்.

முதலில் முன்பக்கம் எது என்று பாருங்கள். உள்பட்டையின் இரு முனையும் சேரும் இடம் பின்பக்க நடு. அதற்கு நேர் எதிரே முன்பக்க நடு. இதைப் பார்க்காமல் ஆரம்பித்தால் ஒரு பக்கம் ஒரு விரல் அளவு தூக்கி நிற்கும். கண்ணாடி முன்னால் போய் நின்ற பிறகுதான் அது தெரியும்.

கெட்டில் கொதித்து ஆவி நன்றாக வரும்போது, அதன் மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, வளைக்க வேண்டிய இடத்தை மட்டும் காட்டுங்கள். ஒரே இடத்தில் நிறுத்தாமல் இப்படியும் அப்படியும் நகர்த்துங்கள். உள்பட்டைப் பக்கம் ஆவி போக வேண்டாம். தோல் சுருங்கிவிடும். அரை நிமிடத்தில் ஃபெல்ட், அதாவது ரோமத்தை நெருக்கி அழுத்திச் செய்த கெட்டித் துணி, தளர்ந்து விரலுக்கு அடங்கும். உடனே எடுத்து, கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் கீழே வைத்து, இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் இரு பக்கத்தையும் உருட்டி மேலே தூக்குங்கள். ஓரத்தை மட்டும் பிடித்து மடிக்காதீர்கள், மடிப்புக் கோடு விழும். விளிம்பின் நடுவிலிருந்து வளைவு எழ வேண்டும்.

இனி சொல்வதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வளைத்த நிலையிலேயே, சூடு முழுக்க ஆறும்வரை பிடித்துக்கொண்டே இருங்கள். இரண்டு நிமிடம் ஆகலாம், கை வலிக்கும், விடாதீர்கள். ஆவி ஃபெல்ட்டை இளக்கத்தான் செய்யும். வடிவம் நிற்பது ஆறும்போதுதான். ஈரத் தலையைப் பின்னிப் போட்டுத் தூங்கி, காலையில் அவிழ்த்தால் முடி அலை அலையாக நிற்குமே, அதேதான் இதுவும். ஃபெல்ட்டும் முடிதானே. ஈரமும் சூடும் முடியின் உள்கட்டைத் தளர்த்துகின்றன. எந்த வடிவத்தில் உலர்கிறதோ அந்த வடிவத்தில் அது மறுபடி இறுகுகிறது.

முதல் நாளே முழு வளைவையும் எதிர்பார்க்க வேண்டாம். கொஞ்சம் வளைத்து, இரண்டு நாள் போட்டுப் பார்த்து, பிறகு இன்னும் கொஞ்சம் வளையுங்கள்.

கே: கெட்டில் இல்ல. இட்லிப் பானை ஆவி போதாதா?

ஆவி போதும், ஆனால் வாய் அகலமாக இருப்பதால் தொப்பி முழுவதும் நனையும், கிரவுனின் குழி கலையும். இட்லிப் பானைதான் இருக்கிறது என்றால், மூடியைக் கொஞ்சமாக விலக்கி அந்த இடுக்கில் வரும் ஆவியில் காட்டுங்கள். கையைச் சுட்டுக்கொள்ள வேண்டாம்.

கே: சென்னையில வாங்கின கம்பளி ஃபெல்ட் தொப்பி. ஊட்டி மழையில நனைஞ்சதும் விளிம்பு தொங்கிப்போச்சு. ஆவி காட்டினா ஒரு நாள் நிக்குது, மறுநாள் பழையபடி ஆயிடுது. நான் ஏதாவது தப்பு பண்றேனா மேடம்?

உங்கள் கையில் தப்பில்லை. செம்மறி ஆட்டுக் கம்பளியில் செய்த ஃபெல்ட் முயல் ரோம ஃபெல்ட் அளவுக்கு நெருக்கமாகப் பின்னாது. முயல் ரோமம் மெல்லியது, ஒன்றோடொன்று இறுக்கமாகக் கோத்துக்கொள்ளும். அதனால் மெல்லிய ஃபெல்ட்டே விறைப்பாக நிற்கும். கம்பளித் தொப்பியின் விறைப்பில் நிறைய உள்ளே ஏற்றிய பசையின் விறைப்பு. நனைந்து நனைந்து அது போய்விட்டால் ஆவியால் திரும்ப வராது. ஃபெல்ட்டுக்கென்றே விறைப்பு ஸ்ப்ரே விற்கிறார்கள். வடிவம் பிடித்து ஆறிய பிறகு விளிம்பின் அடிப்பக்கம் மெல்லியதாக ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொன்று. மேல்பக்கம் அடித்தால் பளபளப்பு தெரியும்.

நனைந்த தொப்பியை ஹேர் டிரையரிலோ அடுப்புப் பக்கமோ காட்டாதீர்கள், கம்பளி சட்டென்று சுருங்கும். உள்பட்டையை வெளியே திருப்பி, அந்தப் பட்டையின் மேல் தொப்பியை நிறுத்தி வையுங்கள். விளிம்பு எதையும் தொடாமல் காற்றில் காயும்.

முயல் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 1859-ல் விக்டோரியாவில் ஒரு பண்ணைக்காரர் வேட்டையாடுவதற்காக இருபத்துச் சொச்சம் முயல்களை அவிழ்த்துவிட்டார். அவை பெருகி இந்த நாட்டுப் புல்வெளிகளையே மொட்டையடித்தன. அந்த முயல்களின் ரோமம்தான் இங்கே தொப்பியானது. அகூப்ரா என்ற பெயர் 1912-லிருந்து இருக்கிறது, தொழிற்சாலை 1974-ல் சிட்னியிலிருந்து கெம்ப்சிக்குப் போனது. நல்ல முயல் ஃபெல்ட்டின் விளிம்பை விரலிடையில் தேய்த்துப் பாருங்கள், வெற்றிலையின் பின்பக்கம் போல வழவழப்பாக இருக்கும்.

கே: மெல்பர்ன்ல ஆன்சாக் டே, அதான் போர் வீரர்களை நினைக்கிற நாள், அணிவகுப்பு பார்த்தேன். ராணுவத் தொப்பியில ஒரு பக்கம் மட்டும் ஏன் தூக்கி வச்சிருக்காங்க? மலையேறப் போறப்ப நானும் அப்படி வச்சுக்கலாமா?

துப்பாக்கிக்காக. 1885-ல் விக்டோரியாவின் குதிரைப்படைத் துப்பாக்கி வீரர்கள் சாதாரணக் காட்டுத் தொப்பியை எடுத்து, வலப்பக்கம் தூக்கிக் கட்டினார்கள். துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுபோகும்போது விளிம்பில் மாட்டக் கூடாது என்று. 1890 வாக்கில் விக்டோரியாவும் டாஸ்மேனியாவும் வலப்பக்கம் தூக்கின, மற்ற மாகாணங்கள் இடப்பக்கம் தூக்கின. துப்பாக்கிப் பயிற்சி அசைவுகள் வேறாக இருந்ததால் அந்த வித்தியாசம். இன்று நீங்கள் பார்ப்பது இடப்பக்கம்.

உங்கள் தோளில் துப்பாக்கி இல்லை, காது இருக்கிறது. இங்கே வெயிலில் காதும் கழுத்தும் எப்படி வேகும் என்று உங்களுக்கே தெரியும். பெரியவர்களுக்கு விளிம்பு குறைந்தது 7.5 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும் என்று இங்குள்ள புற்றுநோய்க் கவுன்சில் சொல்கிறது. பக்கங்களை உயரத் தூக்கினால் எத்தனை அகலத் தொப்பி வாங்கியும் பயனில்லை. நடக்கப் போகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது: முன்னும் பின்னும் இறக்குங்கள், பக்கத்தில் லேசாக மட்டும் எழட்டும். மழைநீரும் முன்னாலும் பின்னாலும் வடியும், காதுக்குள் போகாது.

கே: நான் குட்டை. அகல விளிம்பு எடுபடுமா?

தோள் அகலத்தைத் தாண்டாமல் இருந்தால் எடுபடும்.

கே: தோல் தொப்பி, ஓரத்துல கம்பி இருக்கு. பைக்குள்ள வச்சதுல கோணிக்கிச்சு.

ஆவி வேண்டாம். கம்பியைத்தான் சரிசெய்ய வேண்டும். சமதளத்தில் வைத்து, கோணிய இடத்தின் இரு பக்கமும் பிடித்து, ஒரே தரம் பலமாக மடக்காமல் ஓரமாகவே விரலை ஓட்டி ஓட்டி நேராக்குங்கள். ஒரே இடத்தில் முன்னும் பின்னும் மடக்கினால் கம்பி உடைந்து தோலைக் குத்திக்கொண்டு வரும்.

கே: துணித் தொப்பிக்குக் கஞ்சி போடலாமா அக்கா? பாட்டி போடச் சொல்றாங்க.

பாட்டி சொல்வது சரி. ஜவ்வரிசிக் கஞ்சியை வடிகட்டி, விளிம்பில் மட்டும் தடவி, கவிழ்த்த கிண்ணத்தின் மேல் காய வைத்து, லேசான ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போடுங்கள். ஒரு மழைக்குக் கரைந்துவிடும். வெயில் நாளுக்கு மட்டும் அது.

கே: கார்ல வச்சிருந்தேன், இப்ப தொப்பி இறுக்குது, விளிம்பும் அலை அலையா நிக்குது.

எனக்கும் இது நடந்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் ஜனவரி. அப்பா கொடுத்த பணத்தில் வாங்கிய தொப்பியைக் காரின் முன்கண்ணாடி அடியில் மதியம் முழுக்க விட்டுவிட்டேன். உள்பட்டைத் தோல் சுருங்கி விளிம்பின் அடியை இழுத்துவிட்டது, அதனால்தான் அந்த அலை. விளிம்பை எத்தனை ஆவி காட்டினாலும் போகாது, உள்பட்டையைத் தளர்த்த வேண்டும். கடையில் விரிக்கும் கருவி இருக்கிறது, கொண்டுபோய்க் கொடுங்கள். ரொம்பச் சுருங்கியிருந்தால் பட்டையை மாற்றித் தைக்கலாம். என் தொப்பி அப்படித்தான் பிழைத்தது, இன்றும் போடுகிறேன்.

கே: ஆர்வத்துல அதிகமா வளைச்சுட்டேன். திரும்பத் தட்டையாக்க முடியுமா?

முடியும். கிரவுன் மேசைக்கு வெளியே தொங்க, விளிம்பின் ஒரு பகுதி மட்டும் மேசை மேல் படியும்படி வையுங்கள். ஈரமான பருத்தித் துணி விரித்து, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை அழுத்தி எடுங்கள், இழுக்காதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு பகுதியும் ஆறும்வரை மேல் ஒரு கனமான புத்தகம் இருக்கட்டும்.