கஷ்டம் பார்த்தவர்தான் கம்பெனி நடத்த முடியுமா?

கேள்வி: எனக்கு 29 வயது. திருப்பூரில் எங்களுக்கு ஒரு பனியன் கம்பெனி இருக்கிறது. அப்பா 1983-இல், 16 வயதில் கைமடியாக, அதாவது டெய்லருக்குக் கையாளாக, வேலைக்குச் சேர்ந்தவர். டெய்லராகி, நாலு மெஷின் வாங்கி, இன்று இரண்டு யூனிட் வைத்திருக்கிறார். இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு பொறுப்பை என்னிடம் கொடுத்தார். கொடுத்தாரே தவிர, விடவில்லை. எதைச் சொன்னாலும், "அம்மணி, நீ கஷ்டம் பார்த்தவள் இல்லை" என்கிறார். 84 ஸ்ட்ரைக்கில் கூலியில்லாமல் கிடந்த கதையை வாரம் ஒரு முறையாவது சொல்வார். கட்டிங் மாஸ்டரும் அதே பாட்டைத்தான் பாடுகிறார். இரண்டு யூனிட்டையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவர வேண்டும், வங்கிக் கடன் வாங்க வேண்டும், ஆர்டர் குறைந்திருப்பதைத் தொழிலாளர்களிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். மூன்றுக்கும் தடை. மரியாதை சம்பாதிக்க ஆறு மாதம் நானே கைமடியாக உட்காரலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். சனிக்கிழமை சம்பளம் வராவிட்டாலும் உங்கள் வீட்டில் உலை கொதிக்கும். பக்கத்து மெஷினில் தைக்கும் பெண்ணுக்கு அது தெரியும். அவள் உங்கள் முகத்துக்கு எதிரே சிரிக்க மாட்டாள், அவ்வளவுதான். தொழில் கற்க உட்காருவதானால் செக்கிங் மேஜையில் உட்காருங்கள். காலரில் தையல் விட்டிருப்பதும், இரண்டு கையும் அரை அங்குலம் முன்னே பின்னே இருப்பதும், வெள்ளைத் துணியில் ஊசி எண்ணெய் பட்டிருப்பதும் பார்த்தவுடன் கண்ணில் படும் அளவுக்குப் பழகுங்கள். நாளைக்கு ஒரு முழு லாட்டைத் திருப்பி அனுப்புவதா வேண்டாமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு இது உதவும். ஏழ்மையை நடித்துக் காட்டுவது எதற்கும் உதவாது.

உங்கள் அப்பாவின் பேச்சுக்கு ஊரோடு சேர்ந்த ஒரு பின்னணி உண்டு. அந்தத் தலைமுறையில் பலர் மானாவாரிக் காட்டை நம்பிப் பிழைக்க முடியாமல் கம்பெனிக்கு வந்தவர்கள். கூலியாக இருந்து தொழில் கற்று, இரண்டு மூன்று பேராகப் பங்கு சேர்ந்து, பழைய மெஷினை வாங்கிப் போட்டு முதலாளியானவர்கள். கையில் பணமும் இல்லை, பட்டமும் இல்லை. உழைப்பு ஒன்றுதான் அவர்கள் போட்ட முதல். அதனால் கஷ்டப்பட்டதே தகுதி என்று நினைப்பது அவர்களுக்கு இயல்பு. வேடிக்கை என்னவென்றால், தான் பட்டது பிள்ளை படக்கூடாது என்று ஓடி ஓடிச் சம்பாதித்துவிட்டு, பிறகு பிள்ளை படவில்லையே என்று குறை சொல்வதும் அவர்களேதான்.

ஆனால் அந்த 1984-ஐக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். பஞ்சப்படி கேட்டு 127 நாள் நடந்த போராட்டம் அது. உங்கள் அப்பாவைப் போலவே கூலியில்லாமல் கிடந்தவர்கள் எத்தனையோ பேர். அந்த நாட்களிலிருந்து சிலர் எடுத்துக்கொண்ட பாடம், சங்கம் இல்லாமல் தொழிலாளிக்குக் கதியில்லை என்பது. அவர்கள் தொழிற்சங்கத் தலைவர்களானார்கள். வேறு சிலர் எடுத்துக்கொண்ட பாடம், ஒரே இடத்தில் நிறையப் பேரை வைத்தால் ஒரே நாளில் எல்லாம் நின்றுவிடும் என்பது. அவர்கள் முதலாளியானபோது கம்பெனியைச் சிறு சிறு யூனிட்டாகப் பிரித்தார்கள், வேலையை ஜாப் ஒர்க்குக்கு வெளியே கொடுத்தார்கள். உங்கள் வீட்டில் ஏன் இரண்டு யூனிட் இருக்கிறது என்பதற்கு விடை அங்கேதான் இருக்கும் என்பது என் ஊகம். பட்ட கஷ்டம் ஒன்றேதான். அதைப் படித்த விதம்தான் இரண்டு வகைத் தலைவர்களை உண்டாக்கியது. ஆகவே "கஷ்டம் பார்த்தேன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடக் கூடாது. பார்த்து என்ன முடிவுக்கு வந்தார் என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டியது.

அரசியலிலும் இதைப் பார்க்கலாம். காமராஜர் பன்னிரண்டு வயதை ஒட்டிப் பள்ளியை விட்டு, விருதுநகரில் மாமாவின் துணிக்கடையில் நின்றவர். முதலமைச்சரானதும் ஊர் ஊராகப் பள்ளி திறந்தார், மதிய உணவு போட்டார். 1982-இல் அதைச் சத்துணவாக விரித்த எம்.ஜி.ஆர்., சிறுவயதில் தான் கிடந்த பட்டினியைக் காரணமாகச் சொன்னார். இல்லாமை திட்டமாக மாறிய நல்ல உதாரணங்கள் இவை. வழக்கமாக நாம் எல்லோரும் இத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். 1967-ஐயும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும். அதே காமராஜர் அதே விருதுநகரில் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் ஆயிரத்துச் சொச்சம் வாக்கில் தோற்றார். சீனிவாசனின் தலைமுறைக்கு வெள்ளைக்காரன் சிறை கேள்விப்பட்ட கதை. அவர்கள் தெருவில் இறங்கிப் பார்த்தது 1965-இன் இந்தி எதிர்ப்புப் போராட்டம். காமராஜர் காலத்தில் பெருகிய பள்ளிகளில் படித்து வந்த தலைமுறைக்கு என்ன கோபம் என்பது, சுதந்திரப் போரில் பல ஆண்டுகள் சிறையிருந்த கட்சிக்காரர்களுக்குப் பிடிபடவில்லை. அவர்கள் பட்டதில் பொய்யில்லை. அது பதில் சொன்ன கேள்வி வேறு, மக்கள் அன்றைக்குக் கேட்ட கேள்வி வேறு.

கஷ்டம் மனிதரை மற்றவர் கஷ்டத்துக்குக் கண் திறக்க வைக்கும் என்பதும் பாதி உண்மைதான். இதை உங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். வறண்ட காட்டிலிருந்து தப்பி வந்தவர்கள் வளர்த்த ஊரின் சாயக்கழிவு, நொய்யல் கரை விவசாயியின் காட்டைக் கெடுத்தது. பாசனத்துக்கென்று 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, கழிவு தேங்கும் குட்டையாயிற்று. கடைசியில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் ஊர் விழித்தது. உழைப்பால் உயர்ந்த தலைமுறைக்குத் தண்ணீரின் அருமையை நீதிமன்றம் சொல்லித்தர வேண்டியிருந்தது.

அந்த 2011-இல் நீங்கள் பள்ளி மாணவி. துணி சாயமேறி வராமல் அப்பா ஈரோட்டுக்கும் வெளியூருக்கும் அலைந்திருப்பார், அல்லது வாசலில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்திருப்பார். 2020 மே மாதத்தில் ஒடிசா, பீகார்த் தொழிலாளர்கள் மூட்டை முடிச்சோடு சிறப்பு ரயிலுக்குக் காத்து நின்றதைப் பார்த்திருப்பீர்கள். 2022-இல் நூல் விலை ஏறி ஊரே கதவடைத்தது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் ஆர்டர்கள் பாதியில் நின்றன. அப்போது அந்த நாற்காலியில் ஏற்கெனவே நீங்கள்தான் இருந்தீர்களா என்று கடிதத்தில் தெளிவில்லை. எப்படியானாலும் இவையெல்லாம் பார்த்த கஷ்டத்தில் சேர்த்திதான். பசியில்லாத கஷ்டம் கஷ்டமாகத் தெரியவில்லை, அவ்வளவே. இன்னொன்று: இன்று உங்கள் பவர் டேபிளில் தைப்பவர்களில் எத்தனை பேர் தன்பாத்–ஆலப்புழை ரயிலில் நிற்க இடமில்லாமல் வந்து இறங்கியவர்கள் என்று எண்ணிப் பாருங்கள். கஷ்டம்தான் தகுதி என்றால் நாற்காலியை அவர்களில் ஒருவருக்குத்தான் கொடுக்க வேண்டும். இதை அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள். இப்போதுதான் அறுவை சிகிச்சை முடிந்திருக்கிறது.

செய்ய வேண்டியது இது. "உங்கள் கதையைச் சொல்லுங்கள்" என்று கேட்காதீர்கள், பழைய பாட்டுதான் வரும். கணக்கு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு முடிவாகக் கேளுங்கள். இரண்டாவது யூனிட்டை எந்த வருடம் போட்டீர்கள், முதல் யூனிட்டிலேயே நாலு லைன் சேர்க்காதது ஏன்? யாருக்கு ஜாப் ஒர்க் கொடுப்பதை நிறுத்தினீர்கள், அவர் என்ன செய்தார்? எந்த ஆர்டரை வேண்டாம் என்றீர்கள்? அவர் பெருமைப்படாத, சொல்லத் தயங்கும் இடத்தில்தான் உங்களுக்கு வேண்டியது இருக்கும். தனியாக, அவர் இல்லாதபோது, கட்டிங் மாஸ்டரிடமும் அதையே கேளுங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போகாது. அது நல்லதுதான்.

இனி உங்கள் மூன்று யோசனைகள். இரண்டு யூனிட்டை ஒன்றாக்குவதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. வெளிநாட்டு பையர் தணிக்கைக்கு வரும்போது இரண்டு இடத்துக்கும் தனித்தனியே காகிதம் காட்டும் தொல்லை உங்களுக்குத் தெரியும். 84-இன் பயத்துக்காக அதை இன்னும் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் மந்தமான சமயத்தில் இடம் மாற்றாதீர்கள், ஆட்குறைப்பு என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். ஆர்டர் குறைந்ததைத் தொழிலாளர்களிடம் சொல்வது உடனே செய்ய வேண்டியது. வாரத்துக்கு எத்தனை ஷிப்ட் வேலை இருக்கும் என்பதை முன்கூட்டியே சொன்னால், போகிறவர் போவார், இருக்கிறவர் உங்களை நம்பி இருப்பார். சொல்லாவிட்டால் டீக்கடையில் தெரிந்துகொள்வார்கள், எல்லோரும் ஒரே வாரத்தில் போவார்கள். அப்பாவுக்கு இது பிடிக்காது. கூலி வராத வீட்டில் இருந்தவர்தானே, "அந்த 127 நாளில் முதலாளி என்ன சொல்லியிருந்தால் உங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்?" என்று அவரையே கேளுங்கள்.

கடன் விஷயத்தில் மட்டும் அப்பாவோடு மல்லுக்கு நிற்காதீர்கள். நூலை ரொக்கத்துக்கு வாங்கிப் போடுகிறவராகத்தான் இருப்பார். அப்படிப்பட்டவர்கள் 2011-இலும் 2022-இலும் தாக்குப்பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆர்டர் நிச்சயமில்லாத இந்த ஆண்டில் அவர் சொல்வதே சரி. பேக்கிங் கிரெடிட் (ஏற்றுமதி ஆர்டரைக் காட்டி வாங்கும் வங்கிக் கடன்) பேச்சைத் தீபாவளி போனஸ் கொடுத்து முடித்த பிறகு எடுங்கள், அதுவும் கையில் இரண்டு உறுதியான ஆர்டர் இருந்தால்.