9% வட்டின்னு ஏமாத்திட்டாங்க, ட்யூவ நிறுத்திட்டேன், கேஸ் போடலாமா?

கேள்வி: கரூர்ல ஒரு டெக்ஸ்டைல் யூனிட்ல சூப்பர்வைசரா இருக்கேன் சார். 2025 ஜூன்ல ஒரு கார் கன்சல்ட்டிங்ல 2017 மாடல் ஸ்விஃப்ட் எடுத்தேன். "வட்டி 9% மட்டுமே, மறைமுகக் கட்டணம் எதுவும் இல்லை"ன்னு இன்ஸ்டாகிராம்ல போட்ருந்தாங்க, அத நம்பித்தான் போனேன். லோன் 5 லட்சம், 48 மாசம், ட்யூ 14,167. ஆனா வண்டிக்குன்னு போனது 4,60,000தான், மீதி 40,000 ப்ராசஸிங், இன்சூரன்ஸ், டாக்குமென்ட்னு புடிச்சுட்டாங்க. பேங்க்ல வேல பாக்கற மச்சான் கணக்கு போட்டு 20%க்கு மேல வருதுங்கறாரு. கேக்கப் போனா சேல்ஸ் பையன் சிரிக்கறான், மேனேஜர் உக்காரக்கூட சொல்லல, அப்பா முன்னாடி ரொம்ப அசிங்கமா போச்சு. அந்தக் கோவத்துல 4 மாசமா ட்யூ கட்டல. நடுவுல சென்னைல இருந்து ஆர்பிட்ரேஷன்னு ஏதோ ஸ்பீட் போஸ்ட் வந்துச்சு, மிரட்டறதுக்குத்தான்னு வாங்காம திருப்பிட்டேன். சித்தப்பாதான் ஜாமீன். கன்ஸ்யூமர் கோர்ட்ல 10 லட்சம் கேட்டு கேஸ் போட்டா வண்டிய தொட முடியாதுன்னு நண்பர் சொல்றாரு, போடலாமா?

பதில்: நீங்க எழுதினதுல முக்கால்வாசி எனக்கு வேண்டாம். சேல்ஸ் பையன் சிரிச்சதுக்கும் மேனேஜர் உக்கார சொல்லாததுக்கும் எந்தக் கோர்ட்லயும் காசு கிடையாது. எனக்கு வேண்டியது ஒரே ஒரு வரி, அத போற போக்குல சொல்லிட்டு போயிட்டீங்க: ஸ்பீட் போஸ்ட்ட வாங்காம திருப்பிட்டேன்கறது.

விளம்பரத்த முதல்ல முடிச்சுடறேன். மச்சான் கணக்கு சரி. 9%ன்னு அவங்க போட்டது பிளாட் வட்டி, வருஷத்துக்கு 45,000 வீதம் 4 வருஷத்துக்கு 1,80,000, அசல் குறைய குறைய வட்டி குறையாது, குறையற மாதிரி கணக்கு பண்ணா அதுவே 16% கிட்ட வந்துடும். புடிச்ச 40,000த்தையும் சேத்தா 20.7%. பிளாட்டுங்கற வார்த்தையவே மறச்சு 9%ன்னு மட்டும் போட்டா, அது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்ற தவறா வழிநடத்தற விளம்பரம்தான்னு நான் வாதாடுவேன். ஆனா விளம்பரம் போட்டது கன்சல்ட்டிங், கடன் குடுத்தது ஃபைனான்ஸ் கம்பெனி, ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் கைகாட்டுவாங்க, அதனால ரெண்டு பேரையும் சேத்துத்தான் போடணும். ஃபைனான்ஸ்காரங்க உங்க கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்ட, அதாவது லோனோட வட்டி, கட்டணம் எல்லாம் எழுதின தாள, எடுத்து நீட்டுவாங்க. 2024 அக்டோபர் 1ல இருந்து சாங்ஷன் ஆகற தனிநபர் லோன் எல்லாத்துக்கும் அத குடுத்தாகணும்னு ரிசர்வ் பேங்க் சொல்லிருக்கு, எல்லா செலவையும் சேத்த வருஷ வட்டி அதுல ஏபிஆர்னு தனியா இருக்கும். அங்க 20.7ன்னு அச்சடிச்சு கீழ உங்க கையெழுத்தும் இருந்தா, விளம்பரத்த நம்பித்தான் வந்தேன்னு ஃபைனான்ஸ்கிட்ட பேசறது கஷ்டம். ஆனா அதுல காட்டாத ஒரு கட்டணத்த உங்க சம்மதம் இல்லாம வசூல் பண்ணிருந்தா அது தப்பு, அங்கதான் உங்களுக்கு பிடி இருக்கு. மொத்தத்துல நீங்க நியாயமா எதிர்பாக்கக்கூடியது அந்த 40,000ல ஒரு பங்கும், மன உளைச்சலுக்கு கொஞ்சமும், கேஸ் செலவும். 10 லட்சம்னு எழுதினா பெட்டிஷன படிக்கறவங்களுக்கு உங்க மேலதான் சந்தேகம் வரும்.

இப்ப அந்த கவர். ஆர்பிட்ரேஷன்னா கோர்ட்டுக்கு வெளிய ஆர்பிட்ரேட்டர்ங்கற நடுவர் விசாரிச்சு தீர்ப்பு சொல்றது, அந்தத் தீர்ப்புக்கு பேர்தான் அவார்டு. அக்ரிமென்ட்ல ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருக்கறதாலயே கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு போகக்கூடாதுன்னு இல்ல, 2018ல எமார் எம்ஜிஎஃப் வழக்குலயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. எல்லாரும் இத படிச்சுட்டு நிம்மதியா தூங்கிடறாங்க. ஆனா அவார்டு வந்ததுக்கு அப்புறம் புகார் போட்டா அது நிக்காதுன்னு கன்ஸ்யூமர் கோர்ட்டுகளுக்கு மேல இருக்கற தேசிய கமிஷன் 2006லயே தீர்ப்பு குடுத்துருக்கு, ஃபைனான்ஸ் வக்கீல்கள் பை நிறைய அந்த ஜெராக்ஸோடதான் வருவாங்க. அதனால உங்க கேஸோட தலையெழுத்து ரெண்டு தேதிலதான் இருக்கு: அவார்டு தேதி முந்தியா, உங்க புகார் தேதி முந்தியா. தபால திருப்பினா வழக்கு நின்னுடும்னு நினைக்காதீங்க, உங்க அட்ரஸுக்கு வந்து நீங்க மறுத்ததா தபால்காரர் எழுதிட்டா சட்டத்துக்கு அது சேர்ந்த மாதிரிதான், ஆர்பிட்ரேட்டர் எக்ஸ்பார்ட்டியா, அதாவது நீங்க இல்லாமலே, நடத்தி முடிச்சுடலாம்.

நாமக்கல் பக்கம் லாரி புக்கிங் ஆபீஸ்ல வேல பாக்கறவர் ஒருத்தர் என்கிட்ட வந்தாரு, இதே மாதிரி பழைய கார், இதே கோவம். மஞ்சப்பைல 3 கவர், ஒண்ணு கூட பிரிக்கல. நான் பிரிச்சேன். முதல் கவர் ஆர்பிட்ரேட்டர் நியமனம், ரெண்டாவது விசாரணை தேதி, மூணாவது அவார்டு, பாக்கி முழுசுக்கும் 18% வட்டி, செலவு தனி. அவார்ட கைல வாங்கின நாள்ல இருந்து 3 மாசத்துக்குள்ள ரத்து பண்ண மனு போடணும், காரணம் காட்டினா இன்னொரு 30 நாள், அதுக்கு மேல ஒரு நாள் கூட கிடையாது. கம்பெனியே தன்னிஷ்டத்துக்கு ஆர்பிட்ரேட்டர நியமிச்சது செல்லாதுன்னு 2019 பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் தீர்ப்ப வெச்சு அவர காப்பாத்திருக்கலாம், ஆனா அவர் வந்தது 5 மாசம் கழிச்சு. சென்னைல போட்ட அவார்டுதானே, இங்க என்ன பண்ணுவாங்கன்னாரு. அவார்ட நிறைவேத்தறதுக்கு சொத்து எங்க இருக்கோ அந்த ஊர் கோர்ட்லயே நேரா போடலாம்னு 2018ல சுந்தரம் ஃபைனான்ஸ் வழக்குல சொல்லியாச்சு, அப்படித்தான் நாமக்கல்லயே நிறைவேத்து மனு போட்டாங்க, சம்பளம் அட்டாச்மென்ட்டுக்கு, அதாவது ஜப்திக்கு, வந்துச்சு, ஜாமீன் போட்ட மாமனாருக்கும் சேத்து. பொங்கலுக்கு அந்த வீட்டுக்கு எப்படி போவேன்னு என்கிட்ட கேட்டாரு, அதுக்கு நான் என்ன சொல்ல. உங்களுக்கு அந்த எடத்துல சித்தப்பா இருக்காரு.

நண்பர் சொன்னதும் தப்பு. கேஸ் போட்டாலே வண்டிய தொட முடியாதுன்னு ஒண்ணும் கிடையாது, இடைக்காலத் தடை தனியா கேட்டு வாங்கணும், கேட்டதும் கமிஷன் முதல்ல கேக்கறது எத்தன ட்யூ பாக்கின்னுதான். 4ன்னு நீங்க சொல்லும்போதே பாதி தோத்துட்டீங்க, பெரும்பாலும் பாக்கிய கட்டிட்டு வாங்கன்னு நிபந்தனை போட்டுத்தான் தடை தருவாங்க. ரவுடிய விட்டு வண்டிய தூக்கக்கூடாதுங்கறது உண்மை, ஆனா ட்யூ தவறினா அக்ரிமென்ட்ல சொன்ன முறைப்படி எடுக்கறதுக்கு அவங்களுக்கு உரிமை இருக்குன்னு 2020 மேக்மா வழக்கு சொல்லுது. அதுக்கு மேல யார்டுல கிடந்து அடிமாட்டு விலைக்கு ஏலம் போயி, மிச்சம் இவ்வளவு கட்டுன்னு நோட்டீஸ் வரும், வண்டியும் இல்லாம கடனும் இருக்கும். இன்னொண்ணு, பேங்க்ல இருந்து தானா எடுக்கற ட்யூ பணம் இல்லாம திரும்பறதும் செக் பவுன்ஸ் மாதிரி கிரிமினல் கேஸ்தான், 2007 பணப்பட்டுவாடா சட்டம் 25வது பிரிவு, விளம்பரம் பொய்யா நிஜமான்னு அங்க யாரும் கேக்க மாட்டாங்க.

அதனால சொல்றேன், உங்களுக்கு புடிக்காது, செட்டில்மென்ட்டுக்கு போங்க. நாளைக்கு ஃபைனான்ஸ் ஆபீஸுக்கு போயி 4 ட்யூ 56,668ஐ கட்ட தயார்னு சொல்லி பெனால்டியவும் பவுன்ஸ் சார்ஜையும் தள்ளுபடி கேளுங்க, கட்டற பணத்த லோன் அக்கவுண்ட்லயே கட்டுங்க, கலெக்ஷன் பையன் ஜிபே நம்பருக்கு போட்டா அது அவன் வீட்டு செலவுக்கு போகும். கட்டும்போதே "கட்டண விஷயத்துல என் உரிமைய விடாம கட்டறேன்"னு ஒரு லெட்டர் குடுத்து சீல் வாங்கிக்கங்க. இங்கதான் நெறைய பேர் சறுக்கறாங்க: பெனால்டிய குறைக்கறோம்னு ஒரு பேப்பர் நீட்டுவாங்க, எனக்கு இனி எந்தக் கோரிக்கையும் இல்லைன்னு அதுல ஒரு வரி இருக்கும், கையெழுத்து போட்டா அந்த 40,000 அதோட முடிஞ்சுது. லோன மொத்தமா முடிக்கறதா இருந்தா தொகைய குறைச்சு முடிக்காதீங்க, சிபில்ல செட்டில்டுன்னு ஏறிடும், அடுத்து வீட்டு லோனுக்கு போகும்போது அதுக்கு விளக்கம் சொல்லி மாளாது. கடன் பாக்கி இல்லைங்கற என்ஓசி, ஆர்சில கடன் பதிவ நீக்கற ஃபாரம் 35, நீங்க குடுத்த பிளாங்க் செக், எல்லாம் கைக்கு வந்ததுக்கு அப்புறம் கிளம்புங்க.

பாக்கிய கட்டின கையோட கரூர்லயே மாவட்ட நுகர்வோர் கமிஷன்ல புகார் போடுங்க, உங்க ஊர்லயே போடலாம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, 2 வருஷ கெடு 2027 ஜூன் வரைக்கும் இருக்குன்னு உக்காந்துடாதீங்க, அவார்டு அதுக்கு ரொம்ப முன்னாடியே வந்துடும். அந்த இன்ஸ்டாகிராம் விளம்பரத்த தேதியும் பேஜ் பேரும் தெரியற மாதிரி இன்னைக்கு ராத்திரியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, நோட்டீஸ் போன மறுநாள் அது அங்க இருக்காது. ஆனா அதுக்கும் முன்னாடி காலைல தபால் ஆபீஸுக்கு போயி திரும்பிப் போன கவரோட நம்பர வாங்கி, சென்னைல அது யார்கிட்ட இருந்து வந்துச்சு, அடுத்த விசாரணை என்னைக்குன்னு கண்டுபுடிச்சுட்டு எனக்கு போன் பண்ணுங்க.