'தடை' ஸ்டிக்கருக்கு எதற்குக் காசு? பழைய கார்ட்டூன் டிஸ்க் கேள்வி-பதில்

கே: 'சென்சார்டு லெவன்: தடை செய்யப்பட்ட 11 வார்னர் கார்ட்டூன்கள், ஒரிஜினல் டிவிடி' என்று ஆன்லைனில் 3,800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். படம் மங்கல், மூலையில் ஏதோ டிவி சேனல் முத்திரை. பணம் திரும்பக் கிடைக்குமா? (வாசகர், திருச்சி)

ப: கேளுங்கள், விடாதீர்கள். உங்களை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள். 1968-இல், அந்த வார்னர் படங்களின் டிவி உரிமையை அப்போது வைத்திருந்த யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம், கறுப்பின மக்களை இழிவாகக் காட்டிய 11 படங்களை டிவி விநியோகத்திலிருந்து எடுத்துவிட்டது. அரசு தடை போடவில்லை. அந்தப் பதினொன்றையும் வார்னர் ஒரே தொகுப்பாக டிவிடியில் விற்றதே இல்லை. அப்புறம் எங்கிருந்து 'ஒரிஜினல்' வரும்? அவற்றில் 'ஜங்கிள் ஜிட்டர்ஸ்', 'ஆல் திஸ் அண்ட் ராபிட் ஸ்டூ' இரண்டுக்கும் அமெரிக்காவில் பதிப்புரிமையே இல்லை.

விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், டிஸ்க்கின் அடிப்பக்கப் படம், சேனல் முத்திரை தெரியும் காட்சி எல்லாவற்றையும் சேர்த்து அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் வந்து சேர்ந்ததென்று பதில் தர வேண்டும்; ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். மசியவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதற்கு மேல் நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு வழக்குக் கட்டணம் கிடையாது.

கே: அடிப்பக்கம் ஊதா நிறத்தில் இருந்தால் போலிதானே? (கோவை)

ப: பெரும்பாலும். ஆனால் வார்னரின் பழைய படங்களை விற்கும் பிரிவான வார்னர் ஆர்கைவ், தன் டிவிடிகள் பலவற்றை டிவிடி-ஆர் என்ற பதிவு செய்யும் வெற்று டிஸ்க்கில் எழுதியே விற்றது. ஊதாவாக இருந்தாலும் அவை அசல்தான்.

கே: டாம் அண்ட் ஜெர்ரி 'முழுத் தொகுப்பு' உண்மையிலேயே முழுசா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (நாகர்கோவில்)

ப: அட்டையின் முன்பக்கத்தை விட்டுவிட்டு படப் பட்டியலைப் படியுங்கள். 'மவுஸ் கிளீனிங்' (1948), 'கேசனோவா கேட்' (1951) இரண்டையும் தேடுங்கள். முகத்தில் கரி பூசிக் கறுப்பினத்தவரைக் கேலி செய்யும் காட்சிகள் உள்ளவை என்பதால் 2007-இல் வந்த 'ஸ்பாட்லைட்' டிவிடி வரிசையின் மூன்றாம் தொகுதியில் இரண்டையும் சேர்க்கவில்லை. 2013-இல் வரவிருந்த டாம் அண்ட் ஜெர்ரி கோல்டன் கலெக்‌ஷன் இரண்டாம் தொகுதியிலும் இவை இல்லை என்று தெரிந்ததும் சேகரிப்பாளர்கள் கொதித்தார்கள். அந்தத் தொகுதி வரவே இல்லை.

அடுத்து, வீட்டுப் பணிப்பெண்ணின் குரலைக் கேளுங்கள். அசல் குரல் லில்லியன் ராண்டால்ஃபுடையது. 1960களில் டிவிக்காகச் சில படங்களில் அந்தப் பாத்திரத்தை வெள்ளைக்காரப் பெண்ணாக மாற்றி வரைந்து ஜூன் ஃபோரேயைப் பேச வைத்தார்கள். 90களில் வந்த மாற்றுக் குரல் தியா விடேலுடையது. மாற்றியதைச் சொல்லாமல் விற்பது மோசடி. தொடக்கத்தில் 'இந்தச் சித்திரிப்பு அன்றும் தவறு, இன்றும் தவறு' என்ற பொருளில் அறிவிப்புப் போட்டு, படத்தில் கை வைக்காமல் தருவதே நேர்மை.

கே: 'ரெஸ்டோர் செய்யப்பட்டது' என்று போட்ட பழைய லூனி டியூன்ஸ் டிவிடியில், பக்ஸ் பன்னி வேகமாகக் கை வீசும்போது விரல் கோடுகள் அறுந்துபோகின்றன. பிளேயர் கோளாறா? (சேலம்)

ப: பிளேயரைக் குறை சொல்லாதீர்கள். இது டிவிஎன்ஆர் என்ற தூசி நீக்கும் கருவி செய்த அநியாயம். அது ஒரு ஃபிரேமை முன்னும் பின்னும் உள்ள ஃபிரேம்களோடு ஒப்பிடும். ஒரே ஃபிரேமில் மட்டும் ஒரு கறுப்புக் கீற்று தென்பட்டால், தூசி என்று முடிவுகட்டி பக்கத்து ஃபிரேமின் நிறத்தால் மூடிவிடும். நடிகர்கள் நடித்த படத்தில் இது ஓரளவு ஒப்பேறும். கார்ட்டூனில் வெளிக்கோடே கறுப்புக் கீற்றுதான்! சாதாரண அசைவில் ஒரே ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்துவார்கள். பாய்ச்சலுக்கும் அடிதடிக்கும் ஃபிரேமுக்கு ஓர் ஓவியம். ஆக, ஓவியர் அதிகம் உழைத்த இடத்தில்தான் கோடு அழிகிறது. வார்னர் கார்ட்டூன் இயக்குநர் பாப் கிளாம்பெட் குழுவில் ராட் ஸ்கிரிப்னர் வரைந்த காட்சிகளின் உயிரே அந்தத் துள்ளும் கோடுகள். அவற்றை அழித்துவிட்டுப் பின்னணி பளபளக்கிறது என்று பெருமை பேசுகிறார்கள். கொஞ்சம் தூசி இருந்துவிட்டுப் போகட்டும், கோட்டைத் தொடாதீர்கள் என்று எத்தனை முறை சொல்வது?

2003-இல் தொடங்கிய லூனி டியூன்ஸ் கோல்டன் கலெக்‌ஷனின் முதல் இரண்டு தொகுதிகளில் சில படங்களுக்கு இந்தக் குறை உண்டு. செகண்ட் ஹேண்டில் வாங்குமுன் ஒரு துரத்தல் காட்சியைப் போட்டு, பாஸ் செய்து, ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி, மீசையையும் விரல்களையும் பாருங்கள்.

கே: அமெரிக்காவிலிருந்து டிவிடி வரவழைத்தேன். 'ரீஜன் எரர்' என்கிறது. டிஸ்க் கெட்டதா? (மதுரை)

ப: டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள். அட்டைப் பின்புறத்தில் உலக உருண்டைக்குள் 1 என்று போட்டிருக்குமே, அதைப் பார்க்காமலா டாலரில் பணம் கட்டினீர்கள்? டிவிடி உலகின் எந்தப் பகுதிக்கென்று சொல்லும் எண் அது. இந்தியா ரீஜன் 5; அதற்கான பிளேயர் 1-ஐ ஏற்காது. கணினி டிரைவில் ரீஜனை ஐந்து முறைதான் மாற்றலாம். அப்புறம் கடைசியாக வைத்ததிலேயே பூட்டிக்கொள்ளும். எல்லா ரீஜனும் ஓடும் பிளேயர் வாங்குங்கள்.

கே: '50 அரிய கார்ட்டூன்கள், 299 ரூபாய்'? (வேலூர்)

ப: வேண்டாம். நானும் அப்படி ஒரு பெட்டி வாங்கியிருக்கிறேன். அதிலிருந்த, ஃப்ளைஷர் ஸ்டுடியோவின் சூப்பர்மேன் படங்கள் நிறம் வெளுத்த 16 மி.மீ. பிரதியிலிருந்து எடுத்தவை.

கே: 2007-இல் வந்த பாப்பாய் 1933–1938 பெட்டி, கீறலே இல்லாமல் செகண்ட் ஹேண்டில் வருகிறது. வாங்கலாமா? (தஞ்சாவூர்)

ப: வார்னர் வெளியிட்ட அருமையான தொகுப்பு; 4 டிஸ்க், 60 கார்ட்டூன். ஆனால் கீறல் இல்லை என்பது போதாது. 2006 முதல் 2008 வரை தயாரான வார்னர் டிவிடிகளில் சில உள்ளுக்குள்ளேயே கெட்டுப்போகின்றன. நிறுவனமே 2025-இல் இதை ஒப்புக்கொண்டு, முடிந்தவரை மாற்றித் தருவதாகச் சொன்னது. திருப்பித் தர ஒரு வாரமாவது அவகாசம் கொடுப்பவரிடம் மட்டும் வாங்குங்கள். முதல் கார்ட்டூன் ஓடியதும் திருப்தியடையாமல், நான்கு டிஸ்க்கையும் கடைசிப் படம் முடியும்வரை ஓட்டிப் பாருங்கள். நடுவில் படம் உறைந்தாலோ கட்டம் கட்டமாக உடைந்தாலோ அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள்.