பேதியாகும் குழந்தைக்கு எந்த ஓஆர்எஸ்?

கேள்வி: என் இரண்டு வயது மகனுக்கு வயிற்றுப்போக்கு. மெடிக்கல் ஷாப்பில் ஓஆர்எஸ் கேட்டேன். ஆப்பிள் சுவையில் டெட்ரா பாக்கெட் கொடுத்தார்கள். அதைக் குடித்தபின் இன்னும் அதிகமாகப் போகிறான். அதிலும் உப்பும் சர்க்கரையும்தானே இருக்கிறது?

பதில்: இருக்கிறது, ஆனால் அளவு வேறு. குடல் செல்லைச் சுற்றியுள்ள சவ்வு கொழுப்பாலானது. உப்பும் சர்க்கரையும் தாமாக அதைக் கடக்க முடியாது. சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதம், இரண்டு சோடியம் அயனிகளோடு ஒரு குளுக்கோஸைச் சேர்த்து உள்ளே எடுக்கிறது. பின்னாலேயே தண்ணீரும் போகிறது. காலராவில்கூட இந்த வழி அடைபடுவதில்லை. ஓஆர்எஸ் வேலை செய்வது இதனால்தான்.

சர்க்கரை மிஞ்சினால், உள்ளே போகாத சர்க்கரை குடலிலேயே தங்கி, உடம்பிலுள்ள தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துவிடும். உங்கள் மகனுக்கு அதுதான் நடந்திருக்க வேண்டும்.

பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். உலக சுகாதார நிறுவன அளவுப்படி ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், சாதாரண உப்பு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, சோடியம் சிட்ரேட் 2.9. அதாவது 100 மில்லிக்குச் சர்க்கரை 1.35 கிராம்தான். 8, 10 என்று போட்டிருந்தால் அது வெறும் ஜூஸ். கடைக்காரர் “இதுவும் அதேதான், பிள்ளை விரும்பிக் குடிக்கும்” என்பார், வாங்காதீர்கள். சிறு எழுத்தில் ஒரு மறுப்பு வாசகம் போட்டால் போதும், பெயரில் ஓஆர்எஸ் இருக்கலாம் என்று 2022-இல் விட்டுக்கொடுத்த உணவுப் பாதுகாப்பு ஆணையம், அதைத் திரும்பப் பெற்றது 2025 அக்டோபரில். பேதியில் வாடும் குழந்தைகள் விஷயத்தில் இதற்கு மூன்று ஆண்டுகளா?

பொடி பாக்கெட்டை முழுதாகக் கரையுங்கள். பாதியை டம்ளரில் போட்டால் உப்பு கூடும், குறையும். ஒரு லிட்டர் பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் ஆறிய கொதிநீர். பால், ஜூஸ், கூடுதல் சர்க்கரை எதுவும் வேண்டாம். 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். இரண்டு வயதுக்கு, ஒவ்வொரு முறை போனபின்பும் 100 மில்லி, ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் தொடங்குங்கள்.

குழந்தை துவண்டு, எழுப்பினாலும் விழிக்காமல் கிடந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்; நுரையீரலுக்குள் போய்விடும். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் இரண்டு விநாடிக்கு மேலாகியும் மடிப்பு மறையவில்லை, கண்கள் குழிந்திருக்கின்றன, குடிக்கத் தெம்பில்லை என்றாலும் ட்ரிப்ஸ்தான் வழி, உடனே ஆஸ்பத்திரி. விழித்துக்கொண்டு, வாந்தி மட்டும் எடுக்கும் குழந்தைக்கு இது பொருந்தாது. அவனுக்கு ஓஆர்எஸ்ஸை நிறுத்தவே கூடாது.

கூடவே, மருத்துவரிடம் கேட்டு துத்தநாக மாத்திரை, தினம் 20 மில்லிகிராம், 14 நாள் கொடுங்கள். பேதி நின்றதும் பாதியில் விட வேண்டாம்.